நோயெமி தேர்ந்த மலை

1921 டிசம்பரில் பிரெஞ்சு ஆல்ப்ஸில், மெஜேவ் என்ற கிராமத்துக்கு மேலே, மோன் தார்புவா மேட்டில் ஒரு ஹோட்டல் திறக்கப்பட்டது. அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் நோயெமி தெ ரோத்சைல்ட். அவருக்கு அப்போது வயது 33. கோடையில் மலைக்காற்றுக்கும் மருத்துவ ஊற்றுகளுக்கும் வருகிறவர்களை நம்பி எழுந்த விடுதிகள் ஆல்ப்ஸ் முழுவதும் ஏராளம். பனிக்காலத்தை மட்டுமே மனத்தில் வைத்து, பனிச்சறுக்குக்கு ஏற்ற நிலத்தைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு சுற்றுலாத் தலத்தை வளர்த்தெடுப்பது பிரான்சுக்குப் புதிது.

இந்தத் தொடக்கத்துக்கு மெஜேவில் வழங்கும் கதை ஒன்று உண்டு. 1916-இல் நோயெமி சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் தங்கியிருந்தார். அது வெர்தன் போர்க்களத்தில் பிரெஞ்சு வீரர்கள் ஆயிரமாயிரமாக மடிந்துகொண்டிருந்த ஆண்டு. நோயெமியும் காயம்பட்டவர்களுக்கான மருத்துவப் பணியில் ஈடுபட்டிருந்தார். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு என்பதால், சண்டையிடும் இரு தரப்புப் பணக்காரர்களும் ஒரே ஊரில் ஓய்வெடுக்க முடிந்தது. ஜெர்மன் பீரங்கிகளைத் தயாரித்த குருப் குடும்பத்தாரும் அங்கே வந்திருக்கக் கண்டு அவர் மனம் கொதித்தார். பிரெஞ்சு மண்ணிலேயே ஒரு செயின்ட் மோரிட்ஸை உருவாக்குவதென்று அங்கேயே முடிவெடுத்தார். கதை இப்படிப் போகிறது.

கதையின் உணர்ச்சி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் 1916-இல் மூண்ட கோபம், 1921-இல் ஒரு ஹோட்டலைத் திறந்துவிடாது. இடையில் ஐந்தாண்டு. இடம் தேட வேண்டும், நிலம் பெற வேண்டும், கம்பெனி அமைக்க வேண்டும், பனிக்காலத்தில் மலைமேல் பண்டங்கள் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். ஒரு பெண் தொழில் தொடங்கினால் அதற்கு மனக்கொதிப்பையோ ஆசையையோ காரணமாகச் சொல்வதும், ஆண் தொடங்கினால் தொலைநோக்கு என்று எழுதுவதும் வரலாற்றெழுத்தில் பழகிப்போன வழக்கம். நோயெமியைப் பொறுத்தவரை அந்த வழக்கத்தை உதறிவிட்டுப் பார்ப்பதே நியாயம். அவர் செய்தது கணக்கிட்டுச் செய்த காரியம். அந்தக் கணக்கை அவர் பிறந்த வீட்டிலேயே காண முடிகிறது.

அவர் பிறந்தது 1888-இல், ஆல்ஃபென் என்ற யூதக் குடும்பத்தில். தாய் பெரேர் குடும்பத்துப் பெண். பெரேர் சகோதரர்களான எமிலும் இசாக்கும் 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் ரயில்பாதைகளையும் வங்கிகளையும் நிறுவியவர்கள். முதலில் வங்கிக் குடும்பமான ரோத்சைல்டுகளோடு சேர்ந்து தொழில் செய்தார்கள். 1852-இல் கிரெதி மொபிலியே என்ற வங்கியைத் தொடங்கிய பிறகு அவர்களுக்கே பெரும் போட்டியாளர்களானார்கள். இசாக்கின் கொள்ளுப்பேத்தி நோயெமி. 1909-இல் அவர் மோரிஸ் தெ ரோத்சைல்டை மணந்தபோது, சில தலைமுறைகளுக்கு முன் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்த்த இரண்டு வீடுகள் சம்பந்திகளாயின.

பெரேர்கள் செய்த காரியங்களில் நம் விஷயத்துக்கு முக்கியமானது ஆர்க்காஷோன். போர்தோவுக்கு அருகில், அட்லாண்டிக் கரையில் உள்ள ஊர். 1857-இல் அவர்களுடைய ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது. கடலில் குளிக்கக் கோடையில் மட்டும் ஆட்கள் வந்தார்கள். மற்ற மாதங்களில் ரயில் காலியாக ஓடியது. 1860-களில் பெரேர்கள் கரையை ஒட்டிய மணல்மேட்டுப் பைன் காட்டில் ஒரு 'குளிர்கால நகர'த்தையே எழுப்பினார்கள். பைன் மரக்காற்று காசநோய்க்கு நல்லது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். காற்றின் வேகத்தைத் தடுக்கத் தெருக்களை வளைத்து வளைத்து அமைத்து, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத வில்லாக்களைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஒரு பருவம் தானாக வாய்ப்பதில்லை, அதை உண்டாக்கலாம் என்பதற்கு நோயெமியின் குடும்பத்திலேயே இப்படியொரு முன்னுதாரணம் இருந்தது. செயின்ட் மோரிட்ஸும் அப்படித்தான் பிழைத்தது. கோடை விருந்தினர்களான ஆங்கிலேயர்களிடம், பனிக்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்று 1864-இல் ஹோட்டல்காரர் யோஹானஸ் பத்ருத் பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள்.

மலை விடுதி நடத்திய பெண்கள் நோயெமிக்கு முன்பும் இருந்தார்கள். தெற்குத் திரோலின் நீதர்தோர்ஃப் கிராமத்தில் 'கருங்கழுகு' விடுதியை நடத்திய எம்மா ஹெல்லன்ஸ்டைனர் (1817–1904) அவர்களில் தலையானவர். கணவர் இறந்தபின் குழந்தைகளோடு தொழிலையும் தாங்கி, சமையலாலும் உபசரிப்பாலும் டோலமைட் மலைப்பகுதிக்கே பேர் வாங்கித் தந்தார். 'ஃபிராவ் எம்மா, ஐரோப்பா' என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததாகக் கதை உண்டு. அவருடைய குடும்பம் ப்ராக்ஸ் ஏரிக்கரையில் கட்டிய பெரிய ஹோட்டல் 1899-இல் திறக்கப்பட்டது. ஆனால் எம்மா போன்றவர்கள் வாழ்க்கைப்பட்ட இடத்தில் இருந்த தொழிலைக் கையில் எடுத்து வளர்த்தவர்கள். எந்த மலையில், யாருக்காக, எந்தப் பருவத்துக்காக என்று ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தீர்மானித்து முதல் போட்ட பெண்ணாக நோயெமி தனித்து நிற்கிறார்.

அந்தத் தனித்தன்மையின் அளவை அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தை வைத்தே அறிய முடியும். நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தின்படி மணமான பெண் கணவரின் அனுமதியின்றி ஒப்பந்தம் செய்யவோ, சொத்தை விற்கவோ, வழக்குத் தொடுக்கவோ முடியாது. அந்தப் பொதுத் தடை நீங்கியது 1938-இல். பெண்களுக்கு வாக்குரிமை தரும் மசோதாவைச் செனட் தள்ளுபடி செய்தது 1922-இல், அதாவது மோன் தார்புவா ஹோட்டல் திறந்த மறு ஆண்டில். மோரிஸ் நாடாளுமன்ற உறுப்பினர். நோயெமிக்கோ வாக்கே கிடையாது. பிரெஞ்சு மலை ஹோட்டல்களுக்கான கம்பெனி ஒன்றை அமைத்து அதன்வழியே அவர் செயல்பட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். கம்பெனிக்குச் சட்டத்தின் முன் தனி ஆள் என்ற தகுதி உண்டு. மனைவிக்கு அந்தத் தகுதி அரைகுறையாகவே இருந்தது.

இடத்தைத் தேடும் வேலையை அவர் ஒப்படைத்தது த்ரிக்வே ஸ்மித் என்ற நார்வேக்காரரிடம். அவர் நோயெமிக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர். இந்த ஒரு முடிவிலேயே நோயெமியின் வியாபார புத்தி தெரிகிறது. கட்டடக் கலைஞரையோ நிலத்தரகரையோ அனுப்பியிருந்தால் காட்சி அழகான இடம் கிடைத்திருக்கும். பனிச்சறுக்கு ஆசிரியர் முதலில் பார்ப்பது சரிவை. பிரான்சில் அந்த விளையாட்டு அப்போது இளம் பருவத்தில் இருந்தது. பிரெஞ்சு ஆல்பைன் சங்கம் முதல் சர்வதேசப் போட்டியை மோன்ஜெனேவ்ரில் நடத்தியதே 1907-இல்தான். கற்றுத் தருகிறவர்கள் பெரும்பாலும் நார்வேயிலிருந்து வந்தார்கள்.

பெயர் பெற்ற ஷமோனி பக்கத்திலேயே இருந்தது. மோன் பிளான் சிகரத்தின் காலடி, 1901 முதல் ரயில் வசதி, மலையேறிகளின் தலைநகர். 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததும் அங்கேதான். ஆனால் அது ஒடுக்கமான பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தாக மலை எழுவதால் குளிர்கால வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். பாறையும் பனிப்பாறையும் மலையேறிக்கு ஏற்றவை, பனிச்சறுக்கைப் புதிதாகக் கற்கிறவருக்கு அச்சமூட்டுபவை. மெஜேவ் இதற்கு நேர்மாறு. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், ஆர்லி பள்ளத்தாக்குக்கும் சலான்ஷ் பக்கத்துக்கும் இடைப்பட்ட அகன்ற கணவாய் போன்ற நிலம். நாள் முழுக்க வெயில். சுற்றிலும் உருண்டு திரண்ட மேடுகள். மோன் பிளானைத் தள்ளி நின்று முழுமையாகப் பார்க்கலாம். சலான்ஷ் ரயில் நிலையத்திலிருந்து மலைப்பாதையில் சுமார் 13 கிலோமீட்டர்.

அந்த மேடுகளின் தன்மையை விளங்கிக்கொள்ள, அக்காலத்துப் பனிச்சறுக்கு எப்படி நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஏற்றிவிட இயந்திரம் கிடையாது. சறுக்குப் பலகைகளின் அடியில் சீல் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மேலே நடக்க வேண்டும். பிறகு சில நிமிடங்களில் இறங்கிவிடலாம். அப்படி ஏறக்கூடிய, விழுந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாத, மரமும் பாறையும் குறுக்கிடாத சரிவுதான் தேவை. மெஜேவில் அது இருந்ததற்குக் காரணம் இயற்கை மட்டுமல்ல. பல நூற்றாண்டுகளாக அங்குள்ள குடியானவர்கள் காட்டைத் திருத்தி மேய்ச்சல் நிலமாக்கியிருந்தார்கள். கோடையில் மாடுகள் மேய்ந்தும், குளிர்காலத் தீவனத்துக்காக மனிதர்கள் அறுத்தும் புல்லைக் கட்டையாக வைத்திருந்தார்கள். பாறைச் சரிவை மூட ஆளுயரப் பனி வேண்டும். கட்டையாக மேய்ந்த புல்வெளிக்குக் கொஞ்சம் பனியே போதும். த்ரிக்வே ஸ்மித்தின் கண்ணுக்கு வாய்ப்பாகப் பட்ட அந்த நிலத்தை மாடுகளும் மாடு வளர்த்தவர்களும் ஆக்கி வைத்திருந்தார்கள். நிறுவனரின் பெயரைச் சொல்லும்போது இவர்களைச் சொல்லாமல் விடுவது பெரும் குறை.

அந்தக் குடியானவர்கள் செல்வந்தர்கள் அல்லர். மெஜேவ் இருக்கும் சவோய் பகுதி பிரான்சோடு இணைந்ததே 1860-இல்தான். மலை விளைச்சல் போதாமல் குளிர்காலத்தில் வெளியூருக்கு வேலைக்குப் போவது அந்த வட்டாரத்தில் பரம்பரை வழக்கம். மெஜேவ்காரர்களின் மன உறுதிக்குச் சான்றாக ஊரை ஒட்டிய குன்றின்மேல் சிலுவைப் பாதைத் தேவாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. எருசலேமின் சாயலில் ஒரு பங்குத்தந்தை 19-ஆம் நூற்றாண்டில் பல்லாண்டு உழைப்பில் கட்டுவித்தவை. நோயெமிக்கு முன்பே ஊரில் சில சிறு விடுதிகள் இருந்தன. கோடைக்கு ஆட்கள் வந்தார்கள். பனிச்சறுக்கு தெரிந்த சிலரும் எட்டிப் பார்த்திருந்தார்கள். ஆகவே அவர் வெற்றிடத்துக்கு வந்தவர் அல்லர். குளிர்காலத்தில் ஊரைவிட்டுப் போன வேலை, ஊரைத் தேடி வரும்படி செய்தவர் என்பதே பொருத்தம். பனிவண்டி ஓட்டுவது, பாதையில் பனி அள்ளுவது, விருந்தினருக்குப் பாலும் பாலாடைக்கட்டியும் தருவது, பிறகு பனிச்சறுக்கு கற்றுத் தருவது என்று பிழைப்புக்குப் புதிய வழிகள் திறந்தன.

ஹோட்டலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. செல்வந்தர்களுக்கான மாளிகை அது, ஐரோப்பா நன்கறிந்த வகை. அரச குடும்பத்தாரும் தொழிலதிபர்களும் வந்தார்கள், பெயர் பரவியது. அதோடு நின்றிருந்தால் மெஜேவ், செயின்ட் மோரிட்ஸின் சிறு நகலாகவே முடிந்திருக்கும். உண்மையில் புதிதான காரியம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, நோயெமி தமக்கென ஒரு வீடு கட்ட நினைத்தபோது நடந்தது.

ஆன்ரி ஜாக் லெ மேம் நான்த் நகரத்தவர், 1897-இல் பிறந்தவர். பாரிஸில் கட்டடக்கலை பயின்று, 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியின் நட்சத்திரங்களான பியேர் பத்தூ, ரூல்மன் ஆகியோரிடம் தொழில் பழகியவர். உடல்நலம் கருதி மலைக்காற்றை நாடி 1925-இல் மெஜேவ் வந்தார். அந்த இளைஞரிடம் நோயெமி, வட்டாரத்துப் பண்ணைவீட்டைப் போல ஒன்று வேண்டும் என்று கேட்டார். பாரிஸ் சீமாட்டிக்கு மாட்டுக்கொட்டிலும் மனிதர் இருப்பும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டின் சாயலில் வீடு! அவருடைய வட்டத்தில் இது எளிதில் தோன்றக்கூடிய ஆசையல்ல.

லெ மேம் சுற்றுப்புறத்துப் பண்ணைவீடுகளைப் போய்ப் பார்த்தார். கீழ்ப்பகுதி கல், மேலே மரம், எல்லாவற்றையும் மூடும் ஒரே அகன்ற இருசரிவுக் கூரை. சரிவு குறைவாக இருப்பதால் பனி வழுக்கி விழாமல் கூரைமேலேயே தங்கிக் குளிரைத் தடுக்கிறது. நீண்டு தொங்கும் இறவானம் சுவரையும் மர மாடத்தையும் நனையாமல் காக்கிறது. குடியானவர்கள் அனுபவத்தில் கண்ட இந்த அறிவை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே வாழ்க்கையை மாற்றி அமைத்தார். மாடுகள் நின்ற கீழ்த்தளத்துக்குக் கார் கொட்டகையும், ஈரப் பலகைகளையும் பூட்ஸையும் வைக்கும் அறையும் வந்தன. வெயில் விழும் பக்கம் பெரிய சன்னல்களோடு கூடம், மேலே படுக்கையறைகள். 1927 வாக்கில் எழுந்த அந்த வீட்டிலிருந்து 'பனிச்சறுக்காளரின் ஷாலே' என்ற மலைவீட்டு வகையே பிறந்தது. லெ மேம் மெஜேவிலேயே தங்கிவிட்டார். அங்கு மட்டும் சுமார் 200 ஷாலேக்களை வடிவமைத்தார். இன்று எந்தப் பனிமலைப் படத்தைப் பார்த்தாலும் தென்படும் அந்த மர வீட்டை நாம் தொன்மையான நாட்டார் வடிவம் என்று நினைக்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதி 1920-களில் ஒரு பெண் கேட்ட வீட்டுக்கு ஓர் இளம் கட்டடக் கலைஞர் கண்ட விடை.

அதே லெ மேம் 1920-களின் இறுதியில் தமக்காக மெஜேவில் கட்டிக்கொண்ட வீடு, சிவப்புப் பூச்சோடு, மரபின் சாயலே இல்லாத நவீனக் கட்டடம்; அருகிலுள்ள அசி மேட்டில் காசநோயாளிகளுக்கு அவர் அமைத்த மருத்துவமனைகளும் அப்படியே. பழமையைத் தவிர வேறு தெரியாதவர் அல்லர் அவர். ஷாலேயை அந்த இடத்துக்கு அதுவே தகும் என்று தேர்ந்தே கட்டினார். நோயெமியின் பெரிய சாதனை எது என்று கேட்டால் நான் இந்த வீட்டைத்தான் சொல்வேன். ஹோட்டல் அவர் வெளியிலிருந்து கொண்டுவந்த எண்ணம். இந்த வீட்டில் அவர் கிராமத்திடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்.

1930-களில் வேகம் கூடியது. 1933-இல் ரோஷ்புருன் மேட்டுக்கு ரோப் கார் ஓடத் தொடங்கியது. பனிச்சறுக்குக்கென்றே பிரான்சில் கட்டப்பட்ட முதல் ரோப் கார் அது; சீல் தோலின் தேவை அங்கே அதோடு குறைந்தது. உள்ளூர்த் தையல்காரர் அர்மன் அலார் 1930 வாக்கில் தைத்த ஒடுங்கிய பனிச்சறுக்குக் காற்சட்டை உலகெங்கும் பரவியது. மெஜேவில் 1912-இல் பிறந்த எமில் அலே 1936 ஒலிம்பிக்கில் வெண்கலமும், அடுத்த ஆண்டு ஷமோனியில் நடந்த உலகப் போட்டியில் மூன்று பட்டங்களும் வென்றார். இரு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்பும் பிரெஞ்சுக் கற்பித்தல் முறை அவர் பெயரோடு சேர்ந்தது. அந்த ஊரின் பிள்ளை ஒருவர் நார்வேக்காரர்களும் ஆஸ்திரியர்களும் ஆண்ட கலையில் தமக்கென ஒரு முறையை வகுத்தது, என் பார்வையில், எந்த அரச விருந்தினரின் வருகையையும்விட மெஜேவுக்குப் பெருமை.

இரண்டாம் உலகப் போரில் ஊரின் ஹோட்டல்களுக்கு யாரும் எண்ணியிராத பயன் ஏற்பட்டது. 1942 நவம்பரில் தென்கிழக்கு பிரான்ஸ் இத்தாலியப் படைகளின் பிடிக்குள் வந்தது. இத்தாலிய அதிகாரிகள் யூத அகதிகளை ஜெர்மானியரிடமும், அவர்களுக்கு இணங்கி நடந்த பிரெஞ்சு விஷி அரசின் காவல்துறையிடமும் ஒப்படைக்க மறுத்தார்கள். 1943-இல் நீஸ் கடற்கரையிலிருந்து அவர்களை மெஜேவ், சான் ஜெர்வே போன்ற மலை ஊர்களுக்கு அனுப்பி, கட்டாய வசிப்பிடமாக அங்கே குடியமர்த்தினார்கள். விருந்தினர் இல்லாத ஹோட்டல் அறைகளில் போலந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் சில மாதங்கள் மூச்சு விட்டன. செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானது. மலையிலிருந்து அவர்கள் அவசரமாக நீஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், கடல் கடக்க வழி கிடைக்கும் என்ற நம்பிக்கையில். இரண்டு நாளில் நாஜி எஸ்.எஸ். அதிகாரி அலோயிஸ் புரூனர் அங்கே வந்திறங்கினான். பலர் பிடிபட்டுத் திரான்சி முகாம் வழியாக ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு யூதப் பெண் வளர்த்த ஊரின் வரலாற்றில் இது ஓர் ஓர அத்தியாயமாக எழுதப்படுவது எனக்கு ஒப்பவில்லை.

போருக்குப் பின் வந்த தலங்கள் வேறு இலக்கணத்தில் எழுந்தன. 1946-இல் தொடங்கிய கூர்ஷ்வெல், 1960-களின் லா பிளான், ஃபிளேன் எல்லாம் மரக்கோட்டுக்கு அருகிலும் மேலும், முன்பு யாரும் குளிர்காலத்தில் வாழாத உயரங்களில், வரைபடத்திலிருந்து நேராக இறக்கிவைக்கப்பட்டவை. எமில் அலேயே கூர்ஷ்வெல்லின் வளர்ச்சியில் பங்கெடுத்தார். அவற்றோடு வைத்துப் பார்க்கும்போது மெஜேவ் ஒரு கிராமமாகவே நீடித்தது கண்கூடு. அதற்கான விலையும் கண்கூடு. நிலத்தின் மதிப்பு உயர்ந்து, ஊரின் குடியிருப்புகளில் பெரும்பகுதி ஆண்டில் சில வாரங்களே திறக்கும் வெளியூர்க்காரர் வீடுகளாகிவிட்டன. சுமார் 3,000 பேர் நிலையாக வாழும் ஊரில் உள்ளூர் இளைஞர் வீடு வாங்குவது கடினம். பண்ணைவீட்டை அழகென்று உயர்த்திய அதே ரசனைதான், பண்ணைக்காரரின் பிள்ளைக்கு அதை எட்டாப்பொருளாகவும் ஆக்கியது. நோயெமி இதை விரும்பியிருக்கமாட்டார். ஆனால் அவர் தொடங்கியதன் விளைவு என்பதை மறுக்கவும் முடியாது.

நோயெமி 1968-இல் காலமானார். 1926-இல் பிறந்த அவருடைய ஒரே மகன் எத்மோன் மோன் தார்புவாவை மேற்கொண்டு நடத்தினார். நெருக்கடியில் இருந்த கிளப் மெடிட்டரேனியன் சுற்றுலா நிறுவனத்தில் 1961-இல் முதலீடு செய்து அதைத் தாங்கிப் பிடித்தவரும் அவரே. ஆர்க்காஷோனிலிருந்து எண்ணினால், பிறர் ஓய்வெடுக்கும் இடங்களை உருவாக்குவது அந்தக் குடும்ப வழியில் நூறாண்டுத் தொழிலாக நீண்டிருக்கிறது. 2017 டிசம்பரில் அதே மேட்டில் குடும்ப நிறுவனம் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல் ஒன்றைத் திறந்தது.

த்ரிக்வே ஸ்மித்துக்குக் கொடுக்கப்பட்ட கணக்கில் அன்று இல்லாத ஓர் எண் இன்று முன்னுக்கு வந்திருக்கிறது: உயரம். செயின்ட் மோரிட்ஸ் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெஜேவ் 1,100 சொச்சம். காலநிலை சூடாகச் சூடாகத் தாழ்ந்த தலங்களில்தான் பனி முதலில் குறைகிறது. மெஜேவிலும் செயற்கைப் பனிப் பீரங்கிகள் வேலை செய்கின்றன. மென்மையான சரிவு, நீண்ட வெயில், மேய்ச்சல் புல் என்று 1920-இல் தகுதியாக இருந்தவற்றில் வெயில் இப்போது எதிராளியாகிவிட்டது. புல்வெளி மட்டும் குறைந்த பனியிலும் சறுக்க இடம் தந்து இன்னும் கைகொடுக்கிறது. மோன் தார்புவாவில் ஹென்றி காட்டன் வடிவமைத்து 1964-இல் அமைந்த கோல்ஃப் மைதானமும் மலைநடைப் பாதைகளும் கோடை விருந்தினரை இழுக்கின்றன. பனிக்காலத்துக்கென்றே பிறந்த தலம் தன் ஆண்டு வருமானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது கோடையை வளர்த்துக்கொண்டிருக்கிறது.